முகாம் என்றொரு சொல்

நூல் ஒன்றைத் திறனாய்வது போலச் சொல் ஒன்றையும் திறனாயலாம். சொன்னது யாது, மறைத்தது யாது, சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே கிடக்கும் தொலைவு எவ்வளவு என்று நூலில் நாம் தேடுவதையே சொல்லிலும் தேடலாம். அச்சொல் அரசாங்கம் ஆக்கிய சொல்லாக இருப்பின் இந்த ஆய்வு இன்னும் வேண்டற்பாலது. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட சொல் "சிறப்பு முகாம்" என்பது. செங்கற்பட்டு மக்களுக்கு இது புதிய சொல் அன்று. அவ்வூரின் கிளைச்சிறைக் கட்டடம் 1990-களிலிருந்து நெடுங்காலம் இப்பெயரைத் தாங்கி நின்றது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர், தண்டனை பெறாமலும் சிலர் தண்டனை முடிந்த பின்னும், அதன் மதில்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தனர்.

முதலில் "முகாம்" என்ற பாதியைப் பார்ப்போம். இது அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். காஃப், வாவ், மீம் என்னும் மூவெழுத்து வேரிலிருந்து கிளைத்தது. இவ்வேரின் பிள்ளைகளை நம் வீடுகளில் அறியாதார் இலர். தொழுகையில் நிற்பது கியாம். தொழுகைக்கு எழுந்து நிற்குமாறு அழைப்பது இகாமத். யாவரும் எழுந்து நிற்கும் இறுதி நாள் கியாமத். கஃபாவின் அருகே இப்ராஹீம் நபியவர்கள் நின்ற இடம் மகாம். ஓர் ஊரில் தங்க எண்ணியவன் முகீம். அவன் தங்கும் இடம் முகாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உயிரினும் மேலாகப் பாதுகாக்கும் அட்டை இகாமா. இத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்து: தன் காலால் நிற்றல்.

தமிழில் இச்சொல் வந்து குடியேறிய பின்னரும் அந்தக் கருத்து கெடவில்லை. கலெக்டர் மதுராந்தகத்தில் முகாம் என்றால், அவர் தம் அலுவல் முடிந்ததும் புறப்பட்டுவிடுவார் என்று பொருள். கடிதத் தலைப்பில் "முகாம்: காயல்பட்டினம்" என்று எழுதுபவர், தாம் அவ்வூரார் அல்லர், சில நாளில் திரும்புவார் என்பதைத்தான் தெரிவிக்கிறார். படை முகாமிடும், படையே முகாமைக் கலைக்கும். கண் மருத்துவ முகாம், மாணவர் முகாம், ஹஜ் பயணியர் முகாம் எதை எடுத்துக்கொண்டாலும் வந்தவர் போகலாம். போக முடியாத முகாம் என்று தமிழில் ஒன்று இருந்ததில்லை.

ஃபிக்ஹுக் கிதாபுகளைச் சிறிதளவேனும் ஓதியவர்க்கு மற்றொன்றும் நினைவுக்கு வரும். பயணியாக வந்தவன் எப்போது முகீம் ஆகிறான் என்பது தொழுகைச் சட்டத்தில் விரிவாகப் பேசப்படும் விஷயம். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க எண்ணினால் முகீம் என்பர் ஷாபிஈ மத்ஹபினர். 15 நாள் தங்க எண்ணினால் என்பர் ஹனபி மத்ஹபினர். நாள் கணக்கில் கருத்து வேறுபட்டாலும் எண்ணம் வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். அப்படியானால் சிறைபிடிக்கப்பட்டவனின் நிலை என்ன? அவனுக்கென்று தனி நிய்யத் இல்லை, அவனைப் பிடித்து வைத்திருப்பவனின் நிய்யத்தையே அவன் பின்பற்றுவான் என்று ஹனபி நூலோர் எழுதிவைத்தனர். தன் விருப்பத்தால் தங்காதவனின் தங்கலைத் தங்கல் என்றே கொள்ளலாகாது என்னும் நுட்பம் இதில் இருக்கிறது. ரக்அத்துகளை எண்ணுவதற்காகச் சொல்லப்பட்ட இந்த நுட்பம், மனிதர்களை எண்ணும் அலுவலகங்களில் இல்லாமற் போயிற்று.

இனிச் "சிறப்பு" என்ற அடைமொழிக்கு வருவோம். 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூலார் எட்டுப் பொருள் கூறினார்; அவற்றுள் ஒன்று சிறப்பு. அந்தச் சிறப்பை உயர்வு சிறப்பு என்றும் இழிவு சிறப்பு என்றும் இரண்டாக்கிக் காட்டுவது இலக்கண ஆசிரியர் வழக்கம். மாணவர்கள் இழிவு சிறப்பு என்ற தொடரைக் கேட்டதும் சிரிப்பார்கள். இழிவில் என்ன சிறப்பு என்று கேட்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு செங்கற்பட்டில் இருந்தது.

அம்முகாமின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் அலையலையாகத் தமிழகம் வந்தனர். ராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் கரையேறியோர் மண்டபம் முகாமில் பதியப்பட்டு, மாவட்டந்தோறும் அமைந்த முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 3 லட்சம் பேர் அளவில் இவ்வாறு வந்து சென்றனர். இவை பொது முகாம்கள். காலையில் வெளியே சென்று கூலி வேலை பார்த்து மாலையில் திரும்பலாம். பதிவு நாளில் ஆள் இருக்க வேண்டும். குறைகள் பல உண்டெனினும் வாயில் திறந்திருந்தது. 1990-ஐ ஒட்டி இவற்றினின்று வேறான ஒன்று தோன்றியது. போராளி இயக்கங்களோடு தொடர்புடையவர் என்று காவல்துறையின் கியூ பிரிவு ஐயுற்றோரைத் தனியே வைக்க ஏற்பட்ட அதற்குச் சிறப்பு முகாம் என்று பெயரிட்டனர். 1991 மே 21 அன்று, அந்நாளில் செங்கை மாவட்டத்துக்குள் இருந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் இம்முறை இறுகியது. வேலூர்க் கோட்டை, பூந்தமல்லி, செங்கற்பட்டு என இடங்கள் பெருகின. பிற்காலத்தில் இதன் மையம் திருச்சி மத்திய சிறை வளாகத்துக்கு மாறிற்று.

வேலூர் என்றதும் நம் வாசகர் சற்றே நிற்பர். அங்கே முகாமாக்கப்பட்டது கோட்டைக்குள் இருக்கும் திப்பு மஹால். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் திப்பு சுல்தானின் மக்களை ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டை அது. 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்ததும் அக்குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கடத்தினர். மஹால் என்பதும் அரபுச் சொல்லே. இறங்கித் தங்கும் இடம் என்பது அதன் பொருள். நாம் வாழும் மஹல்லாவும் அதனுடன் பிறந்ததுதான். அரச குமாரர்களைப் பூட்டி வைத்த இடத்துக்கு மஹால் என்று பெயர். இரு நூற்றாண்டு கழித்து அகதிகளைப் பூட்டி வைத்தபோது அதே இடத்துக்கு முகாம் என்று பெயர். 1995 ஆகஸ்டில் அங்கிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். சுரங்கம் தோண்டித் தப்ப வேண்டியிருந்த இடம் எத்தகைய "முகாம்" என்பதை அகராதி பார்த்து அறிய வேண்டியதில்லை.

சட்டத்தின் வாசகத்தையும் நாம் இலக்கியம் போலவே படித்துப் பார்க்கலாம். இவர்களை வைக்கப் பயன்பட்டது 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம். குடியரசுக்கும் அரசியலமைப்புக்கும் முந்தியது. அதன் 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவில் 'ஈ', 'ஜி' என்ற ஆங்கில எழுத்துகளையுடைய இரு கூறுகள் உள. 'ஈ' கூறு, வெளிநாட்டினர் ஒருவர் குறிப்பிட்ட ஓரிடத்தில் வசிக்க வேண்டும், அவர் நடமாட்டம் கட்டுப்படுத்தப்படலாம் என்கிறது. 'ஜி' கூறு, கைது செய்து அடைத்து வைக்கலாம் என்கிறது. அடுத்த பிரிவு, இவ்வாறு அடைக்கப்பட்டவர்க்குத் தனிப் பெயர் கொடுத்து அவரை எங்ஙனம் வைப்பது என்று பேசுகிறது. எனவே சட்டத்தை எழுதியவர்கள் வசித்தல் வேறு, அடைபடுதல் வேறு என்பதை நன்கு அறிந்தே எழுதினர். செங்கற்பட்டு முகாமுக்கு ஆள் அனுப்பிய ஆணைகள் எந்தக் கூற்றைக் காட்டின? 'ஈ' கூற்றை. அதாவது, உயர்ந்த மதிலும் ஆயுதக் காவலும் மாலையானால் பூட்டும் கொண்ட இடத்தில் ஒருவர் "வசிக்கிறார்". இது தடுப்புக்காவல் அன்று, நடமாட்டக் கட்டுப்பாடுதான் என்று அரசுத் தரப்பு நீதிமன்றங்களில் வாதிட்டு வந்ததும் இந்த வினைச்சொல்லின் பலத்தால்தான்.

பெயரில் என்ன இருக்கிறது, உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றன்று. சிறைச்சாலைக்குச் சட்டமும் விதிநூலும் உண்டு. தண்டனைக்கு ஒரு தேதி உண்டு. நன்னடத்தைக்குக் கழிவு உண்டு. தாய் இறந்தால் பரோல் கேட்கலாம். செய்த வேலைக்குக் கூலி உண்டு. விசாரணைக் கைதியாயின் வாய்தாவுக்கு வாய்தா மாஜிஸ்திரேட்டின் முகத்தையாவது பார்ப்பான். வாய்தா என்பதும் அரபுச் சொல்லே. வாக்குறுதி என்பது அதன் பொருள். கைதிக்கு அந்த வாக்குறுதியேனும் உண்டு. முகாமில் "வசிப்பவனுக்கு" இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் கைதி அல்லன் என்பதால் கைதியின் உரிமைகள் இல்லை. அவன் வெளியே செல்ல இயலாதவன் என்பதால் அகதியின் உரிமைகளும் இல்லை. சிறை என்று பெயரிட்டால் சிறையின் பொறுப்புகள் வந்து சேரும். முகாம் என்று பெயரிட்டதனால் சுவர் மட்டும் மிஞ்சிற்று, பொறுப்புகள் கழன்றுகொண்டன.

நடைமுறை இவ்வாறு அமைந்தது. வழக்கில் சிக்கிய ஒருவருக்கு நீதிமன்றம் ஜாமீன் தரும். ளாமின், பிறர்க்காகப் பொறுப்பேற்பவர், என்ற நல்ல சொல்லிலிருந்து வந்த இந்த ஜாமீனைப் பெற்று அவர் சிறை வாயிலைத் தாண்டுவார். வாயிலில் கியூ பிரிவினர் மற்றோர் ஆணையுடன் நிற்பர். வண்டி முகாமுக்குச் செல்லும். நிர்வாகம் வருவாய்த்துறை அதிகாரியிடம், காவல் போலீஸாரிடம். நாட்படி கொடுத்துத் தாமே சமைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மனைவியும் மக்களும் வேறொரு மாவட்டத்துப் பொது முகாமில் இருப்பார்கள். அவர்கள் வந்து பார்ப்பதற்கு மனுப் போட்டு அனுமதி பெற வேண்டும். உள்ளே இருப்போர் திரும்பத் திரும்ப வைத்த கோரிக்கை பெரியதொன்றும் அன்று: எங்களைக் குடும்பத்தார் இருக்கும் பொது முகாமுக்கு அனுப்புங்கள் என்பதே. அதற்காகச் செங்கற்பட்டில் உண்ணாவிரதம் ஆண்டுதோறும் என்னும்படி நடந்தது. 2010 பிப்ரவரியில் அங்கே போலீஸ் தடியடி நிகழ்ந்தது. 2012-இல் மீண்டும் பல வாரம் நீண்ட உண்ணாவிரதம். திருச்சிக்கு மாறிய பின்னும் நிலை மாறவில்லை. 2021 ஆகஸ்டில் அங்கே பலர் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

செங்கற்பட்டுக்கு ரயிலில் வருவோர் ஊர் நெருங்குகையில் கொளவாய் ஏரியைப் பார்த்து மகிழ்வர். சன்னலோரக் குழந்தைகள் நீரைக் காட்டிக் கூவும். அந்த நீர்ப்பரப்புக்குச் சற்று அப்பால் ஒருவன் வெளியேறும் தேதியின்றி உண்ணாமல் கிடக்கிறான் என்பது, அந்த ஆண்டுகளில், வண்டியில் இருந்த யாருக்குத் தெரிந்திருக்கும்?

தேதியின்மை எத்தகையது என்பதற்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு போதும். ராஜீவ் கொலை வழக்கில் 30 ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்த அறுவரை 2022 நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களுள் நால்வர் இலங்கையர். அவர்கள் சிறையினின்று நேரே திருச்சிச் சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அறுவருள் கணவனும் மனைவியுமாக இருவர் இருந்தனர். ஒரே வழக்கில் ஒரே தீர்ப்பால் விடுதலை பெற்ற அவ்விருவருள், இந்தியரான மனைவி வீட்டுக்குச் சென்றார். இலங்கையரான கணவர் முகாமுக்குச் சென்றார். நால்வருள் சாந்தன் என்பவர் தாயைக் காண யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனுமதி வந்த சில நாளில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். அவருடைய ஜனாஸா ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சிய மூவர் ஏப்ரல் 3-இல் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். குற்றம் பெரிது என்பார் இருக்கலாம். குற்றத்துக்குத் தண்டனை முடிந்துவிட்டது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கூறிய பின் கழிந்த அந்த 16 மாதம் எதன் தண்டனை என்பதுதான் நம் கேள்வி.

இரண்டாவது, 2015-இல் கைதான இலங்கைத் தமிழர் ஒருவரைப் பற்றியது. அவருடைய தண்டனையை உயர்நீதிமன்றம் 7 ஆண்டாகக் குறைத்தது. அது முடிந்தும் ஏறத்தாழ 3 ஆண்டு முகாமில் இருந்தார். நாடு கடத்தாதீர்கள், மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள் என்று அவர் உச்சநீதிமன்றம் சென்றபோது, 2025 மே மாதம், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தருமசாலை அன்று என்ற பொருள்பட நீதிமன்றம் கூறி மனுவைத் தள்ளியது. தருமசாலை என்ற சொல்லை நாம் சும்மா விட்டுவிடுவதற்கில்லை. வழிப்போக்கர் தங்கச் சத்திரமும் முசாபிர்கானாவும் கட்டியவர்கள் நம் முன்னோர். அவற்றை நாடு முழுமைக்கும் உவமையாக்கி, நாடு அப்படி இருக்க இயலாது என்று நீதிபதிகள் கருதலாம். அது அரசியல் வாதத்துக்குரியது. ஆயின் சத்திரத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. தங்க இடமில்லை என்று சத்திரக்காரன் சொல்லலாம். இடமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்துப் பூட்ட மாட்டான்.

இச்சொல் 2020-இல் நம் வாசலுக்கும் வந்தது. கொரோனா ஊரடங்கின்போது பள்ளிவாசல்களில் தங்கியிருந்த தப்லீக் ஜமாஅத்தினர், இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா, வங்கதேசம் முதலிய நாட்டினர், விசா விதியை மீறினர் என்று கைது செய்யப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர், பெண்களும் இருந்தனர். ஜாமீன் கிடைத்த பின் அவர்கள் சென்ற இடம் புழல் சிறை வளாகத்துப் பார்ஸ்டல் பள்ளி. அதற்கும் சிறப்பு முகாம் என்றே பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் பட்டது போதும் என்ற கருத்தில் தம் முன் வந்த வழக்குகளை முடித்து, அவர்கள் நாடு திரும்ப வழி செய்தார். அவர்களுக்கு வெளியே சமூகம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தனர், கேட்பதற்குத் தூதரகங்கள் இருந்தன. சில மாதத்தில் முடிந்தது. செங்கற்பட்டில் இருந்தவர்க்கோ அவர்கள் அஞ்சி ஓடிவந்த அரசின் தூதரகமே தூதரகம்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழும் என்பதை அறிவோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோரைச் சுட்டவர்கள் யார், அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் உடுத்த துணியோடு விரட்டியவர்கள் யார், யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணி நேரம்கூட முழுதாகத் தராதவர்கள் யார், அவர்களுடைய ஆட்களுக்காகவா இந்த மாத இதழில் மை செலவாகிறது என்று கேட்பார் உளர். புத்தளத்தில் தென்னங்கீற்றுக் குடிசையில் தலைமுறை ஒன்றைக் கழித்த உறவினர் உடையோர் இதைக் கேட்க முழு உரிமை பெற்றவர்கள். அவர்களுக்கு நம் விடை: அந்தக் கொடுமையைச் செய்தவன் எவனேனும் செங்கற்பட்டில் இருந்திருந்தால், அவனைக் குற்றஞ்சாட்டி, சாட்சி வைத்து, தண்டித்திருக்க வேண்டும். முகாம் அதைச் செய்யவில்லை. பாதிக்கப்பட்டவனுக்கு நீதி கிடைப்பதற்காக அங்கே ஒரு கதவும் திறக்கப்படவில்லை. ஐயம் ஒன்றே போதுமென்று, குற்றவாளியையும் குற்றமற்றவனையும், ஆஸ்திரேலியாவுக்குப் படகேறப் பார்த்த ஏழையையும் ஒரே பூட்டுக்குள் வைத்த ஏற்பாட்டைப் புத்தளத்தார் கண்ணீருக்கு ஈடாகக் காட்டுவது அக்கண்ணீரை மதிப்பதாகாது.

ஹாரூன் ரஷீதின் தலைமைக் காஜியாயிருந்த இமாம் அபூயூஸுஃப் கிதாபுல் கராஜ் என்னும் வரி நூலில் சிறையாளிகளைப் பற்றியும் எழுதினார். கி.பி. 798-இல் மறைந்தவர் அவர். ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர் தின்றுவிடுவர், ஆகவே மாதம் 10 திர்ஹம் அவனவன் கையில் கொடுக்கச் செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி ஆடை கொடுங்கள். உறவற்றவன் இறந்தால் பொதுநிதியிலிருந்து கபனிட்டு அடக்குங்கள் என்று கலீபாவுக்கு அறிவுரை கூறினார். இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது மற்றொன்று. சிறைகள் நிரம்பியிருப்பது குற்றம் பெருகியதால் அன்று, உள்ளே இருப்பவனுடைய விவகாரத்தை யாரும் திறந்து பார்க்காததால் என்ற கருத்தை அவர் கலீபாவின் முன் வைத்தார். செங்கற்பட்டுக் கோப்புகளைப் பற்றி இதனினும் பொருத்தமாக யாரும் எழுதியதாக நாம் காணவில்லை.

கோப்பைத் திறந்து பார்க்காமலே பெயரை மாற்றுவது நம் காலத்து வழக்கம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, இலங்கை அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. கதியற்றவர் என்ற பொருளுடைய அகதிச் சொல்லை விலக்கியது நன்று. சொல்லுக்கு வலிமை உண்டென்பதை அரசே ஒப்புக்கொண்டது அது. ஆயினும் திருச்சியின் பெயர் மாறவில்லை. அதே மாதம் அஸ்ஸாம் அரசு தன் தடுப்பு மையங்களுக்கு இடைத்தங்கல் முகாம் என்று பெயர் மாற்றியது. இங்கே நல்லெண்ணத்தால் ஒரு பெயர் மாறிற்று. அங்கே உள்ளதை மறைக்க ஒரு பெயர் மாறிற்று. கோல்பாரா மாவட்டத்து மாட்டியாவில் 3,000 பேரை வைக்கும் அளவில் எழுந்த அந்த "இடைத்தங்கல்" இடத்தின் தண்ணீரும் கழிப்பிடமும் இருந்த நிலையை 2024-இல் உச்சநீதிமன்றமே வருந்தத்தக்கது என்றது. 1946-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்க்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்திருப்பது வரவேற்கத்தக்கது. ஓரிடத்தில் இருக்கச் சொல்லும் அதிகாரமோ புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

எழுத்தாளர்கள் இச்சொல்லை என்ன செய்தார்கள் என்று பார்ப்பது இனி எஞ்சியது. பொது முகாம் வாழ்வை உள்ளிருந்து எழுதியவர் தொ. பத்தினாதன், அவருடைய 'போரின் மறுபக்கம்' 2007-இல் வெளிவந்தது. சிறப்பு முகாமைப் பற்றி, அதில் இருந்தவரான தோழர் பாலன் எழுதிய நூல், முகாம் என்ற சொல்லின் முன் 'சித்திரவதை' என்பதைச் சேர்த்துத் தலைப்பிலேயே அரசின் பெயரை மறுத்துவிட்டது. கண்டனத்தின் குரல் அது, வேண்டிய குரலே. ஆனால் கண்டனம் சொல்லின் மேல் வேறொரு சொல்லை ஒட்டுகிறது. இலக்கியம் அச்சொல்லின் அடியைத் தோண்டிப் பார்க்கிறது. பப்புவா நியூகினியின் மானுஸ் தீவில் ஆஸ்திரேலியா அடைத்து வைத்த பெஹ்ரூஸ் பூச்சானி என்ற குர்திய ஈரானியர், கைப்பேசியில் பாரசீகத்தில் துண்டு துண்டாகச் செய்தி அனுப்பியே ஒரு நூலை முடித்தார். 2018-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அது அடுத்த ஆண்டு விக்டோரியா மாநிலத்தின் பெரும் பரிசைப் பெற்றது. பரிசு வாங்கப் போக அவருக்கு அனுமதி இல்லை. அரசு அவ்விடத்துக்குப் பரிசீலனை மையம் என்று பெயர் வைத்திருந்தது. அவர் அப்பெயரை ஏற்காமல் மானுஸ் சிறை என்றே எழுதினார். நூலின் துணைத் தலைப்பும் அதுவே. பெயரை மறுத்ததோடு நில்லாமல், வரிசையில் நிற்பதும் மின்விசிறி நிற்பதும் மனிதனை என்ன செய்யும் என்று காட்டினார். செங்கற்பட்டின் 20 ஆண்டுக்கு இத்தகைய நூல் ஒன்று தமிழில் எழவில்லை. வழக்கு மனுக்களும் உண்ணாவிரத அறிக்கைகளும் பத்திரிகைச் செய்திகளும் உள்ளன. அங்கே சமையலை யார் செய்தார், எந்த மரத்தின் நிழல் எந்நேரம் மதிலைத் தாண்டியது, நோன்பும் பெருநாளும் பொங்கலும் எவ்வாறு கழிந்தன என்பதற்கு எழுத்து இல்லை.

மேற்கே செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு வந்து, மாமல்லபுரத்தைக் கடந்து வடக்கே சென்றால் கோவளம் வருகிறது. அங்கே தமீமுல் அன்சாரி அவர்களின் தர்கா இருக்கிறது. நபித்தோழர் ஒருவரின் உடல் கடலில் மிதந்துவந்த பெட்டியில் இக்கரை சேர்ந்தது என்பது மக்கள் வழங்கும் மரபு. அதன் வரலாற்று மெய்ம்மையை நாம் இங்கே ஆராயப் போவதில்லை. கந்தூரி பற்றிய விவாதத்துக்கும் இது இடமன்று. நாம் பார்ப்பது அன்சாரி என்ற பெயரை. மக்காவிலிருந்து துரத்தப்பட்டு வந்தோரை வீட்டில் பாதியும் தோட்டத்தில் பாதியும் கொடுத்து ஏற்ற மதீனாவாசிகளுக்கு அன்சார் என்று பெயர். வந்தவர் முஹாஜிர், ஏற்றவர் அன்சார். கடல்வழி வந்த ஒருவரை இக்கரை மக்கள் அந்தப் பெயரால் நினைவில் வைத்திருக்கின்றனர். கோவளத்துக்குச் சற்று மேற்கே கேளம்பாக்கத்தில், 2012-ஐ ஒட்டி மியன்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாக் குடும்பங்கள் சில, புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் பல்லாண்டு தங்கியிருந்தன. புயலுக்கு ஒதுங்கக் கட்டிய கூடம். துணியைத் திரையாகக் கட்டிய குடித்தனங்கள். வசதி குறைவுதான். பூட்டு இல்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போயின. ஒரே மாவட்டத்தில் இவ்விரண்டும் நடந்துள்ளன என்பதால், பூட்டின்றி வைக்க இயலாது என்ற வாதம் நம்மிடம் எடுபடாது.

வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு இதையெல்லாம் விரித்துரைக்கத் தேவையில்லை. இகாமா காலாவதியாகி, கபீல் கைவிட்டு, தர்ஹீல் என்னும் வெளியேற்று நிலையத்தில் மகன் கிடக்கிறான் என்று தொலைபேசியில் கேள்விப்பட்ட தாய்மார் கடற்கரை ஊர்களில் பலர். என்றைக்கு அனுப்புவார்கள் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. சாப்பாடு எப்படி என்பதுகூட அடுத்ததுதான். செங்கற்பட்டு முகாமில் இருந்தவனின் தாய் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

திருச்சியில் இன்றும் ஆள் வைக்கும் ஆணைகளில் மூன்று மாற்றங்களை நாம் வேண்டுகிறோம்: முடியும் தேதி ஒன்று எழுதப்பட வேண்டும், அத்தேதிக்கு முன் காவல்துறைக்கு வெளியே உள்ள ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், குடும்பம் பொது முகாமில் இருப்போரை அங்கே அனுப்ப வேண்டும். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. செங்கற்பட்டைப் பொறுத்தவரை அக்காலம் முடிந்துவிட்டது, எழுத்துதான் எஞ்சியிருக்கிறது. அம்முகாமுக்குக் காய்கறியும் விறகும் அனுப்பியவர்கள், மனு எழுதிக் கொடுத்த வழக்கறிஞர்கள், உண்ணாவிரதக்காரருக்கு அரசு மருத்துவமனையில் ஊசி போட்ட செவிலியர், கணவனைப் பார்க்க வந்து அனுமதி கிடைக்காமல் பேருந்து நிலையத்தில் இரவைக் கழித்த பெண்களுக்குத் திண்ணை கொடுத்த வீட்டார் ஆகியோர் பலர் இன்னும் செங்கற்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் வாழ்கின்றனர். அவர்களுள் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, வீட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். தேதியும் இடமும் தெளிவாக இருந்தால் போதும். நடை திருத்தும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.